தாழ்த்தும் மின்னழுத்தச் சீராக்கியும் சர்வோ மோட்டாரும்: பழுது காணும் முறை

பள்ளிக் கண்காட்சிகளுக்கென மாணவர் அமைக்கும் இயங்கு மாதிரிகளில் சர்வோ மோட்டார் பெருவழக்காகிவிட்டது. அதற்கு வேண்டுவது 6 வோல்ட்டு; கையிலுள்ள பாட்டரியோ 9 அல்லது 12 வோல்ட்டு உடையது. ஆகவே இடையில் ஒரு தாழ்த்தும் சீராக்கி வைக்கப்படுகிறது. கடைகளில் எளிதிற் கிடைப்பது எல்.எம். 2596 என்னும் 3 ஆம்பியர்ச் சீராக்கி பொருத்திய சிறு தட்டாகும்.

பெங்களூர் நீலசந்திராவிலுள்ள ஒரு பள்ளியில் மாணவர் சிலர் ரயில்வே கேட்டின் மாதிரி ஒன்றைச் செய்திருந்தனர். கேட்டின் கை சற்றே உயர்ந்து, நடுங்கி, மீண்டும் விழுந்தது. கட்டுப்பாட்டுத் தட்டும் ஒவ்வொரு முறையும் அணைந்து, புதிதாய்த் தொடங்கிற்று. சீராக்கியின் வெளிவாயிலில் மல்டிமீட்டர் சரியாக 6 வோல்ட்டு காட்டியது. எனவே மோட்டார் கெட்டதென்று கருதி, எஸ்.பி. ரோட்டில் வேறொன்று வாங்கினர். அதுவும் நடுங்கிற்று. பின்னர்ச் சீராக்கியையும் மாற்றினர்; பயனில்லை. கண்காட்சிக்கு இரண்டு நாளே இருந்தது. பிள்ளைகள் திரட்டிய பணமும் தீர்ந்தது.

அந்த 6 வோல்ட்டு, கை அசையாதிருந்தபோது அளந்ததாகும். பளுவின்றி அளந்த அழுத்தம் எதனையும் மெய்ப்பிப்பதில்லை. எம்.ஜி. 996 வகை மோட்டார் தடைப்பட்டு நிற்கும்போது 6 வோல்ட்டில் ஏறத்தாழ 2.5 ஆம்பியர், அதாவது 15 வாட், இழுக்கும். சீராக்கியின் திறன் ஏறத்தாழ 80 விழுக்காடாதலின், பாட்டரி 19 வாட் தரவேண்டும். மாணவர் பயன்படுத்தியதோ செவ்வக வடிவிலான சிறு 9 வோல்ட்டு பாட்டரி. அதன் உள்தடை ஏறத்தாழ 2 ஓம் எனக் கொண்டால், அது தரக்கூடிய உச்ச ஆற்றலே 10 வாட்டுதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இச்சீராக்கி மிகுதியான அழுத்தத்தை வெப்பமாக்கி வீணடிப்பதன்று. நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடும் மின்சுவிட்சு ஒன்றினால், ஆற்றலை வேறு அழுத்தத்திற்கு மாற்றித் தருவது. எனவே உள்வரும் அழுத்தம் குறையுமாயின், அதே ஆற்றலைத் தரும்பொருட்டு அது மின்னோட்டத்தை இன்னும் கூட்டி இழுக்கும். அதனால் பாட்டரியின் அழுத்தம் மேலும் சரியும். நீர் வற்ற வற்ற விரைந்து இறைக்கும் ஏற்றம் போன்றது இது. கணப்பொழுதில் யாவும் அணைந்துவிடும். பளு நீங்கியதும் பாட்டரி தேறும். மீட்டரில் மறுபடியும் 6 வோல்ட்டு தோன்றும்!

இதனைச் சோதிக்க, மோட்டாரைக் கழற்றிவிட்டு, அது இருந்த முனையில் 3 ஓம், 25 வாட் கம்பிச்சுற்று மின்தடையை இணைக்க வேண்டும். 2 ஆம்பியர் ஓடும். தடை மிகவும் சூடேறுமாதலின் சில நொடிகளே போதும், கையால் தொடலாகாது. அந்நிலையில் பாட்டரி முனை, சீராக்கியின் வெளிவாயில், மோட்டார் முனை ஆகிய மூன்றிடங்களில் அளந்திடுக. பாட்டரி முனையிலேயே அழுத்தம் சரிந்தால் குற்றம் பாட்டரியினது. அங்கே சரியாக இருந்து வெளிவாயிலில் சரிந்தால் மட்டுமே சீராக்கியை ஐயுறலாம். மோட்டார் முனையில் மட்டும் சரிந்தால் கம்பியையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். 0.08 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.2 ஓம் தடையுண்டு. போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் எனின், 2.5 ஆம்பியரில் 1 வோல்ட்டு கம்பியிலேயே போய்விடும்.

மோட்டாருக்கருகே 1000 மைக்ரோபாரட் மின்தேக்கி இணைப்பது நன்றே. முனை மாறினால் அது வெடிக்கவுங்கூடும். ஆயின் 2 ஆம்பியர் இழுக்கப்பட்டால் அரை மில்லிநொடியில் அதன் அழுத்தம் 1 வோல்ட்டு குறைந்துவிடும். ஆதலின் அது நல்ல பாட்டரிக்கு ஈடாகாது.

நீலசந்திரா மாணவர் யு.பி.எஸ். கருவியில் இருக்கும் 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி பாட்டரியைப் பியூஸ் வைத்து இணைத்து, தடித்த கம்பியிட்டனர். கட்டுப்பாட்டுத் தட்டிற்குத் தனிச் சீராக்கி அமைத்து, இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாய்ச் சேர்த்தனர். இதனைச் சேர்க்காவிடில் சைகை மோட்டாரைச் சென்றடையாது. அதற்கெனப் புதிதாய் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கவில்லை. முதலில் கழற்றி ஒதுக்கிய சீராக்கியே போதியதாயிற்று. கெட்டதென்று ஒதுக்கிய முதல் மோட்டாரே கேட்டினை உயர்த்திற்று.