திரும்பப் பெறப்படும் மருந்து: பானில் யாரைக் கேட்பது?

2018 ஜூலைத் தொடக்கம். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் வல்சார்டான் மாத்திரைகள் பல, ஜெர்மனி முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. சீனாவின் செஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் தயாரித்த மூலப்பொருளில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ கலந்திருந்ததே காரணம். செய்தியைப் பார்த்துப் பதறியவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: என் கையில் இருக்கும் பெட்டியும் அதில் சேர்த்தியா?

தொலைக்காட்சிச் செய்தியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எல்லா நிறுவனங்களின் வல்சார்டானும் கெட்டுவிடவில்லை. மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது அந்த மாசைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் யாரும் நிறுத்த வேண்டாம் என்று பான் நகரில் தலைமையகம் உள்ள ஜெர்மன் மத்திய மருந்து, மருத்துவக் கருவி நிறுவனமான பிஃபார்ம் அப்போது வலியுறுத்தியது.

பிஃபார்மின் இணையதளம் நம்பகமானது. மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்கள் அனுப்பும் 'ரோட்டே ஹாண்ட்' எச்சரிக்கைக் கடிதங்களும் அங்கே கிடைக்கும். மேலே சிவப்புக் கை அச்சிட்டிருக்கும். ஆனால் அவை மருத்துவர்களுக்காக, மருத்துவ ஜெர்மனில் எழுதப்பட்டவை. தடுப்பூசி என்றால் பிஃபார்ம் அல்ல, லாங்கனில் உள்ள பவுல் எர்லிஷ் நிறுவனம்தான் பொறுப்பு.

தினமும் மாத்திரை சாப்பிடுபவர் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதானால், எப்போதும் ஒரே அபோதேக்கேயில், அதாவது மருந்துக்கடையில், வாங்குவதே மேல். திரும்பப் பெறும் அறிவிப்புகள் மருந்தாளுநர்களின் மருந்து ஆணையம் வழியாக நேரே மருந்துக்கடைக்கு வருகின்றன. பெரும்பாலானவை கடை இருப்போடு நின்றுவிடும், வல்சார்டானிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் அட்டை வைத்திருந்தால், அவருக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்பதைக் கடைக்காரர் கணினியில் பார்த்துவிடலாம். சாதாரண மாத்திரைகளின் பேட்ச் எண் மட்டும் வழக்கமாக அதில் பதிவாவதில்லை. அதனால் பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது. காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் 'சிஎச்.-பி.' என்று தொடங்கும் வரியில் அந்த எண் இருக்கும்.

ஊரிலிருந்து பயணப் பெட்டியில் வந்த மருந்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. தமிழர் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீசன் பார்மா தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பேட்ச் எஸ்ஆர்-13. அந்த அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்தது. பானில் குழந்தைக்கு ஊர் சிரப் கொடுப்பவர் பார்க்க வேண்டியது இந்திய மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியல்தான்.

நம் ஊர்க் கடைகளில் மாத்திரை அட்டையை வெட்டிப் பத்து மாத்திரையில் நாலைக் கொடுப்பார்கள். பேட்ச் எண் மற்ற துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். ஜெர்மனிக்குக் கொண்டுவர வாங்கும்போது முழு அட்டையாகக் கேட்டு வாங்கி, எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டால் பட்டியலோடு ஒப்பிட முடியும்.