நெஞ்சுப் படமும் ஆய்கூடச் சோதனையும்

காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் உடைய ஒருவர் வைத்தியசாலைக்கு வருகின்றார். அவரைப் பார்க்கும் வைத்தியர் விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு. இவருடைய சுவாசப்பையிலே நிகழ்வது யாது என்பது ஒன்று. அதனை நிகழ்த்தும் கிருமி யாது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை தருவது நெஞ்சுப் படம். பின்னதற்கு விடை தருவது ஆய்கூடச் சோதனை. இவ்வேறுபாட்டை மறந்து, இரண்டனையும் ஒரே வினாவுக்குரிய போட்டி விடைகளாகக் கொண்டு, எது சிறந்ததென வாதிட்டோர் பலர். 2020 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே, கொவிட் நோய் பரவத் தொடங்கிய காலத்தில், அவ்வாதம் மருத்துவ ஏடுகளிலே மிக வன்மையாக நிகழ்ந்தது. அதனை ஈண்டு எடுத்து ஆராய்தல் விஞ்ஞான மாணவர்க்கும் கணித மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும்.

முதலிற் படத்தைப் பார்ப்போம். 1895 ஆம் ஆண்டு நவெம்பர் 8 ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே றொன்ஜன் என்பார் எக்ஸ் கதிரைக் கண்டார். அக்கதிர் உடலை ஊடுருவிச் செல்லும்போது எலும்பு மிகுதியாகவும் காற்று நிரம்பிய சுவாசப்பை குறைவாகவும் அதனைத் தடுக்கின்றன. தடுத்த அளவுக்கேற்பத் தகட்டில் நிழல் விழுகின்றது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தின் குறை யாதெனின், விலா எலும்பு, இருதயம், உதரவிதானம் என்னும் எல்லாவற்றின் நிழலும் ஒன்றன்மேலொன்றாய் ஒரே தளத்தில் விழுதலாம். இருதயத்தின் பின்னே ஒளிந்திருக்கும் சிறு மாசு கண்ணுக்குத் தோன்றாது. இக்குறையை நீக்கியது சீ. ரீ. படம். கதிரைப் பல திசைகளிலுமிருந்து செலுத்தி, ஒவ்வொரு திசையிலும் தடுக்கப்பட்ட அளவைக் கணிப்பொறிக்கு ஊட்டி, உடலைக் குறுக்கே அரிந்து பார்த்தாற்போன்ற தோற்றத்தைக் கணக்கினாலே பெறும் முறை இது. இலண்டன் மாநகரிலே 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி இம்முறையால் முதல் நோயாளி பரிசோதிக்கப்பட்டார். பொறியியலாளரான ஹவுன்ஸ்பீல்டும், அதன் கணிதத்தைத் தனியே வகுத்திருந்த பௌதிக அறிஞர் கோர்மக்கும் 1979 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வைரசுக் கிருமி சுவாசப்பையைத் தாக்கும்போது காற்று நுண்ணறைகளின் சுவர் தடிக்கும். அறைகளிலே நீர் ஓரளவு கசியும். காற்று முற்றாக அகலவில்லை. ஆயினும் முன்போல நிறைந்தும் இல்லை. ஆதலாற் படத்திலே அப்பகுதி, தேய்த்த கண்ணாடியினூடே பார்த்தாற்போல மங்கித் தோன்றும். கொவிட் நோயில் இம்மங்கல் பெரும்பாலும் இரு சுவாசப்பைகளிலும், ஓரங்களிலும், கீழும் பின்னுமாகக் காணப்பட்டது. ஆனால் இன்புளுவென்சா முதலிய பிற வைரசு நோய்களும், சில மருந்துகளால் விளையும் கேடும், இருதயத் தளர்ச்சியால் நீர் கோத்தலும் இத்தகைய மங்கலைத் தோற்றுவிக்கும். நம் முன்னோர் அளவை நூல்களிலே, புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிதலைக் கருதலளவைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். அவ்வளவுக்கு அத்துணிவு பழுதற்றது. ஆனால் எரிகின்ற விறகு வேம்போ பூவரசோ என்று புகையைக் கொண்டு துணிய முற்படுவோன் இடர்ப்படுவான். 2020 இல் 424 நோயாளரின் படங்களைச் சீன நாட்டுக் கதிரியல் வல்லுநர் மூவரிடம் கொடுத்து, கொவிட் நியூமோனியாவையும் பிற வைரசு நியூமோனியாவையும் பிரித்தறியச் செய்தனர். மூவரும் சரியாகச் சொன்ன வீதம் முறையே நூற்றுக்கு 83, 80, 60. ஒரே படம், ஒரே கல்வி. ஆயினும் விடையில் இத்துணை வேறுபாடு.

இனி ஆய்கூடச் சோதனை. கிருமியின் மரபுப்பொருளாகிய ஆர். என். ஏ. யை முதலில் டீ. என். ஏ. ஆக மாற்றி, பின்னர் அதனை மடங்கு மடங்காகப் பெருக்கும் முறையே பீ. சீ. ஆர். இப்பெருக்கல் முறையை 1983 இல் கண்டவர் அமெரிக்கரான கரி மலிஸ். ஒருமுறை சுழற்றினால் ஒன்று இரண்டாகும், மறுமுறை நான்காகும். முப்பது சுழற்சியில் ஒரு துணுக்கு நூற்றேழு கோடிக்கு மேலாகப் பெருகும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையை அறிந்த மாணவர் இதற்கு வியப்புறார். பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் சிறு துண்டுகள் குறித்த கிருமியின் வரிசையோடு மாத்திரம் பொருந்துமாறு அமைக்கப்படுகின்றன. ஆதலின் வேறு கிருமியைக் கண்டு ஏமாறுதல் மிக அரிது. புதிய வைரசின் மரபு வரிசை 2020 சனவரி 10 ஆம் 11 ஆம் திகதிகளில் உலகறிய வெளியிடப்பட்டது. அம்மாதம் 23 ஆம் திகதியே பேர்லின் சாரித்தே மருத்துவமனையைச் சேர்ந்தோரும் அவரோடு சேர்ந்து உழைத்தோரும் சோதனை முறையை ஏட்டிலே வெளியிட்டனர். இவ்விரைவு போற்றுதற்குரியது.

‘உண்டு’ என்று இச்சோதனை சொன்னால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னாலோ, எங்கே தேடினீர் என்று கேட்டல் வேண்டும். சீனாவில் 205 நோயாளரிடமிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, சுவாசப்பையின் ஆழத்தைக் கழுவி எடுத்த நீரில் நூற்றுக்கு 93 பங்கும், சளியில் 72 பங்கும், மூக்குத் துடைப்பில் 63 பங்கும், தொண்டைத் துடைப்பில் 32 பங்கும் கிருமி காணப்பட்டது. ஆழக் கழுவிய மாதிரிகள் பதினைந்தே என்பதையும் மறத்தலாகாது. காலமும் இடத்தைப் போலவே முக்கியமானது. கிருமி தொடக்கத்திலே தொண்டையிற் பெருகுகின்றது. நாட்செல்ல அங்கே குறைந்து கீழே இறங்குகின்றது. ஏழு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சிலர், நோய்க்குறி தோன்றும் நாளில் நூற்றுக்கு 38 பேரையும், அதற்கு மூன்று நாட்களின் பின் 20 பேரையும் இச்சோதனை தவறவிடும் என மதிப்பிட்டனர்.

இவ்விரு கருவிகளும் எதிரெதிரே நின்ற களம் வூகான் நகரம். அங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் 2020 சனவரி 6 முதல் பெப்ரவரி 6 வரை இரண்டு சோதனையும் செய்யப்பெற்ற 1014 பேரைப் பற்றிய கட்டுரை அம்மாத இறுதியில் வெளியாயிற்று. பீ. சீ. ஆர். முறையில் ‘உண்டு’ எனப்பட்டவர் 601 பேர். சீ. ரீ. படத்தில் ‘உண்டு’ எனப்பட்டவர் 888 பேர். முன்னைய 601 பேரில் 580 பேரைப் படமும் கண்டுகொண்டது. தவறவிட்டது 21 பேரையே. எனவே படத்தின் உணர்திறன் நூற்றுக்கு 97 என்றனர். இந்த எண்ணே உலகெங்கும் பரவியது. ஆனால் கணக்கின் மறுபாதியையும் நோக்குக. பீ. சீ. ஆர். ‘இல்லை’ என்று சொன்ன 413 பேரில் படமும் ‘இல்லை’ என்றது 105 பேரை மாத்திரமே. எஞ்சிய 308 பேரை அது நோயாளர் என்றது. நோயற்றவரை நோயற்றவர் என்று சொல்லும் திறன் நூற்றுக்கு 25 தான்.

இங்கே நிதானம் வேண்டும். அந்த 308 பேரும் உண்மையில் நோயற்றவரா? அன்றேல் பீ. சீ. ஆர். தவறவிட்ட நோயாளரா? நோய்க்குறிகளையும் பின்னர் எடுத்த படங்களையும் ஒப்பிட்டு, அவருள் ஐந்தில் நான்கு பங்கினர் நோயாளராயிருத்தல் கூடும் எனக் கட்டுரையாசிரியர் கருதினர். அவ்வாறாயின் 25 என்னும் எண் படத்தின் குற்றத்தையன்று, அளவுகோலின் குற்றத்தையே காட்டும். வளைந்த கோலினால் அளந்துவிட்டுச் சுவர் வளைந்ததென்று சொல்லுதல் நேர்மையன்று. ஆயினும் இவ்வாதத்தை ஆசிரியர் தமக்குச் சாதகமான பக்கத்துக்கு மாத்திரம் பயன்படுத்தினர் என்பது என் கருத்து. பீ. சீ. ஆர். குறைபாடுடைய கோலாயின் 97 என்னும் எண்ணும் அதே கோலினால் அளக்கப்பட்டதன்றோ? படமும் பீ. சீ. ஆரும் இரண்டும் தவறவிட்ட நோயாளர் எத்துணையர் என்பதற்கு அக்கணக்கில் இடமேயில்லை. மேலும் அங்கே சோதிக்கப்பட்டோர் நோய் மூண்டெரிந்த நகரிலே, நோயுண்டென்று ஐயுற்று வைத்தியசாலைக்கு வந்தோர். பிற ஊர்களில் அந்நிலை இல்லை. ஹொங்கொங் நகரில் 64 நோயாளரை ஆராய்ந்தபோது, முதலில் எடுத்த சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் நூற்றுக்கு 69 பேரையும், முதற் பீ. சீ. ஆர். 91 பேரையும் கண்டுபிடித்தன.

ஏட்டுவாதமாக மாத்திரம் இதனை எண்ணற்க. வூகானிலே சோதனைப் பொருள்கள் போதாமலும், முடிவு வரத் தாமதித்தும் மக்கள் இடர்ப்பட்டனர். கிருமி உண்டெனச் சோதனை சொல்லாதவரை ஒருவர் உறுதிசெய்யப்பட்ட நோயாளர் கணக்கிற் சேரமாட்டார். 2020 பெப்ரவரி 12 ஆம் நாளுக்குரிய கணக்கிலே ஹூபே மாகாண அதிகாரிகள், படத்தையும் நோய்க்குறிகளையும் கொண்டு துணியப்பட்டோரையும் சேர்த்தனர். அன்று ஒரு நாளில் மாத்திரம் 14,840 பேர் புதிதாகச் சேர்ந்தனர். அவருள் 13,332 பேர் இப்புதிய வகையினர். உறுதிசெய்யப்பட்டோர்க்குரிய சிகிச்சையை இவர்களும் காலந்தாழ்த்தாது பெறவேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நிலையில் அது தக்க முடிவே என்பேன். சோதனை வசதி பெருகியதும் அம்மாதத்திலேயே அவ்வகை கைவிடப்பட்டதும் தக்கதே.

படத்தை நம்பினோர் கருதாத செய்தி வேறொன்றுண்டு. நோய்க்குறி தோன்றி இரண்டு நாட்களுக்குள் படமெடுக்கப்பட்ட 36 பேரில் 20 பேருக்குப் படம் மாசற்றிருந்தது. ‘டயமன்ட் பிரின்செஸ்’ கப்பலிலே நோய்க்குறி இன்றிக் கிருமி மாத்திரம் கொண்டிருந்த 82 பேரை ஆராய்ந்தபோது 44 பேரின் சுவாசப்பையில் மங்கல் காணப்பட்டது. இருமலுமில்லாதவருக்குச் சுவாசப்பையில் மாசு இருந்தமை வியப்பே. ஆனால் எஞ்சிய 38 பேரைப் படம் நம்பியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

இனி மாணவர் தாமே செய்துபார்க்கத்தக்க ஒரு கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்த 2021 ஆம் ஆண்டு மதிப்பீடொன்றின்படி, சீ. ரீ. படம் நோயுற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரையும், நோயற்றவருள் 80 பேரையும் சரியாக இனங்காணும். ஆயிரம் பேர் கொண்ட பாடசாலையில் பத்துப்பேருக்கு நோயிருப்பதாகக் கொள்வோம். யாவருக்கும் படமெடுத்தால் அப்பத்துப்பேரில் ஒன்பதுபேர் அகப்படுவர். நோயற்ற 990 பேரில் ஐந்திலொரு பங்கினர், அஃதாவது 198 பேர், நோயாளர் எனப்படுவர். ஆக 207 பேரை ஒதுக்கிவைத்து ஒன்பது பேரைக் காண்கின்றோம். வூகான் வைத்தியசாலையைப் போல ஆயிரத்தில் அறுநூறு பேருக்கு நோயிருந்தால், 528 பேர் சரியாகவும் 80 பேர் பிழையாகவும் அகப்படுவர். கருவி ஒன்றே, அதன் சொல்லை நம்பும் அளவு மாத்திரம், அது பயன்படும் இடத்துக்கேற்ப மாறிவிடுகின்றது. இதனை அறியாது ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றதே பெரும்பிழை.

செலவும் கேடும் வேறு. நெஞ்சுக்குரிய சீ. ரீ. படமொன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மில்லிசீவேட்டு. சாதாரணப் படமோ 0.1 அளவினது. ஒவ்வொரு நோயாளரும் சென்றபின் அறையையும் பொறியையும் தூய்மையாக்குதல் வேண்டும். அதுவரை விபத்துற்றோரும் பாரிசவாதம் கண்டோரும் காத்திருப்பர். இவற்றையெல்லாம் நோக்கியே அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சு 11 ஆம் திகதி, சீ. ரீ. படத்தை முதற்சோதனையாக வழங்கலாகாது என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு யூன் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டி, பீ. சீ. ஆர். கிடையாதவிடத்தும், அதன் முடிவு தாமதிக்குமிடத்தும், அது ‘இல்லை’ என்றபின்னும் ஐயம் வலுத்திருக்குமிடத்தும் படத்தைத் துணைக்கொள்ளலாம் என்றது.

நோய் துணியப்பட்ட பின்னரும் படத்துக்கு வேலை உண்டு. சுவாசப்பையில் எத்துணைப் பங்கு பழுதுற்றது, இரத்தக்கட்டி நாளத்தை அடைத்துள்ளதா, பற்றீரியா வந்து மேலும் தாக்கியுள்ளதா என்பவற்றைப் பீ. சீ. ஆர். சொல்லாது. இறந்த கிருமியின் துணுக்குகளைக் கொண்டு, நோய் நீங்கிச் சில கிழமைகளின் பின்னும் அது ‘உண்டு’ என்றே சொல்லக்கூடும். அந்நாளில் நோயாளி மூச்சுவிடுவதற்கு இடர்ப்படுகின்றாரா என்பதைப் படுக்கையருகே நிற்கும் வைத்தியரே பார்த்தறிய வேண்டியவராகின்றார்.