பியானோ வாங்கப் போகும்போது எடைக்கல்லையும் எடுத்துச் செல்லுங்கள்

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் சீட்டைப் படித்துவிட்டு விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுக்கிறோம். உள்ளங்கையில் தேய்க்கிறோம், இரண்டைப் பல்லில் கடிக்கிறோம். தேங்காய் என்றால் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம், சுண்டிப் பார்க்கிறோம். இப்படிச் சரக்கு எடுக்கும் நாம், பிள்ளைக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கப் போனால் மட்டும் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். நாமும் அப்படிக் கட்டியவர்கள்தான்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு முதலில் வாங்கியது 61 கட்டை உள்ள கீபோர்டு. நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள் என்று பெட்டி முழுக்கப் பட்டியல். ஒன்றரை வருடம் தவறாமல் வாசித்தாள். பிறகு பியானோ ஆசிரியையின் வீட்டில் உண்மையான மரப் பியானோ முன் உட்கார்ந்தபோது, பாதிச் சுரங்கள் சத்தமே போடவில்லை. "ஐயா, பிள்ளை மேல் குறை இல்லை. விரலுக்கு எடையே தெரியாமல் பழக்கிவிட்டீர்கள்" என்றார் ஆசிரியை. கருவிக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த ஒன்றரை வருடம்தான் நமக்கு உறுத்தியது. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோ ஒரு பாடம், எலக்ட்ரானிக் கீபோர்டு வேறொரு பாடம் என்பதே நமக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிரிஸ்தோஃபோரி செய்த கருவியின் புதுமையே, விரலின் வேகத்துக்கு ஏற்ப மெதுவாகவும் பலமாகவும் ஒலிக்கும் என்பதுதான். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி பாய்ந்து கம்பியை அடித்துத் திரும்பும். டிஜிட்டல் பியானோவில் கம்பி இல்லை. கட்டைக்குக் கீழே உள்ள உணரிகள், கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்று கணக்கிட்டு, அதற்கு ஏற்ற ஒலியை எடுத்துக் கொடுக்கின்றன. நல்ல கருவியில் சுத்திக்குப் பதிலாக எடையுள்ள நெம்புகோல் ஒன்று உள்ளே எழுந்து விழும். சாதாரணக் கீபோர்டில் இருப்பது வெறும் ஸ்பிரிங்.

ஆகவே முதல் சோதனை விரலுக்கு. மரப் பியானோவில் வலது பெடலை அழுத்திக்கொண்டு, நடுக்கட்டையின் முன் ஓரத்தில் ஏறத்தாழ 50 கிராம் வைத்தால் கட்டை மெல்ல இறங்கும். நம் கல்லாப்பெட்டி அருகே கிடக்கும் 50 கிராம் பித்தளைக் கல் இதற்குப் போதும். ஒரு துணியை மடித்துப் போட்டு அதன் மேல் வையுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒன்று: கல் பாதி உண்மையைத்தான் சொல்லும். ஸ்பிரிங் கட்டையும் 50 கிராமைத் தாங்கி நிற்கலாம். கல்லின் உண்மையான உபயோகம் ஒப்பிடுவதில் இருக்கிறது. இடது ஓரத்துக் கட்டைகள் சற்று கனமாகவும், வலப்பக்கம் போகப் போக இலேசாகவும் இருக்க வேண்டும், மரப் பியானோவில் அப்படித்தான். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளில் ஒன்று இறங்கி, ஒன்று அடம் பிடித்தால் அந்த உருப்படியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, வெள்ளைக் கட்டையின் உட்பக்கத்தில், இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். இது பலரும் மறக்கும் சோதனை. தராசுக் கோலில் தாங்குமுனைக்கு அருகே வைத்த எடை வேலை செய்யாததுபோல், உட்பக்கம் அழுத்தும்போது கட்டை கனமாகத் தெரியும். கட்டையின் நீளம் குறைவாக உள்ள ஒல்லியான கருவிகளில் இந்தச் சிரமம் அதிகம். பிள்ளை இரண்டு வருடத்தில் கறுப்புக் கட்டைகள் நிறைந்த பாடங்களுக்குப் போகும்போதுதான் இது வலிக்கத் தொடங்கும், அப்போது மாற்ற முடியாது.

பிறகு ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லுங்கள். மூன்று உணரி உள்ள கருவியில் கட்டை முழுவதும் மேலே வராமலே மறுபடி ஒலிக்கும். சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். கட்டைகள் மேசையைத் தட்டுவதுபோல் லொட் லொட் என்றால், ஹெட்போன் போட்டு இரவில் வாசித்தாலும் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வருவார்.

காதுக்கு வருவோம். கடையில் முதலில் ஒரு பொத்தானை அழுத்தி டெமோ பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அது மூட்டை வாயில் பரப்பி வைத்த நயம் சரக்கு. நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல் காட்டும் எதிரொலியையும் அணைக்கச் சொல்லுங்கள், அது பருப்புக்குப் போட்ட பாலிஷ். இனி ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிப் பலமாக முடியும்வரை பத்துப் பன்னிரண்டு முறை அழுத்துங்கள். சத்தம் மட்டும் கூடினால் போதாது, நாதத்தின் நிறமும் மாற வேண்டும்: மெதுவில் மென்மை, பலத்தில் உலோகப் பளபளப்பு. நடுவில் படிக்கட்டு ஏறுவதுபோல் திடீரென மாறினால் மட்டச் சரக்கு. இடது ஓரத்துக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். நல்ல நாதம் அசைந்து அசைந்து தேயும். மலிவானது சீக்கிரம் செத்துவிடும், அல்லது வண்டு ரீங்காரம்போல ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். பெடலை அழுத்தியபடி நிறையக் கட்டைகளை வாசிக்கும்போது முன்பு வாசித்த சுரங்கள் அறுந்து விழுகின்றனவா என்றும் கேளுங்கள். பாலிஃபோனி என்று பட்டியலில் போடும் எண் இதைத்தான் குறிக்கிறது. 2015இல் வந்த யமஹா பி-45இல் அது 64, 2021இல் வந்த ரோலண்ட் எஃப்பி-30எக்ஸில் 256. வீட்டுப் பாடத்துக்கு 64லும் காலம் தள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம்.

சபைக்கோ மெல்லிசைக் குழுவுக்கோ மேடைப் பியானோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மேடைக்கென்றே செய்த கருவிகள் பலவற்றில் உள்ளே ஸ்பீக்கர் கிடையாது. 2019இல் வந்த யமஹா சிபி88 அப்படிப்பட்டது, எடை 18.6 கிலோ. மேலே சொன்ன பி-45இன் எடை 11.5 கிலோ, ஸ்பீக்கரும் உண்டு. மாதம் நான்கு முறை ஆட்டோவில் ஏற்றி இறக்குபவருக்கு இந்த ஏழு கிலோ சின்ன விஷயமல்ல. கடையில் ஹெட்போனில் தேனாக ஒலித்தது, ஒரே ஒயரில் மைக்செட்டுக்குப் போகும்போது குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடுவதும் உண்டு. இரண்டு பக்க ஒலியை ஒன்றாகக் கலப்பதால் வரும் வினை இது. ஒற்றை ஒயர் போட்டு, அங்கேயே ஒரு ஸ்பீக்கரில் கேட்டுவிடுங்கள்.

பேரம் பேசும்போது விலையை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். பல கருவிகளுடன் வரும் பெடல் ஒரு சிறு பிளாஸ்டிக் சுவிட்ச்தான், தரையில் நகர்ந்து ஓடும். கனமான பெடல், ஆடாத ஸ்டாண்டு, உயரம் மாற்றக்கூடிய இருக்கை ஆகியவற்றை விலைக்குள் அடக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். வாசிக்கப் போகிற பிள்ளையைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் ஆசிரியரையும். காட்சிக்கு வைத்ததைச் சோதித்துவிட்டுப் பிரிக்காத பெட்டியை வாங்கி வராமல், நம் பெட்டியை அங்கேயே பிரித்து, 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கருவியின் அடியில் உள்ள வரிசை எண்ணை ஜிஎஸ்டி பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.