பார்த்த படத்தை மறுபடி பார்

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. படத்தொகுப்பு வகுப்பில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள், பார்க்காத படங்கள் எத்தனையோ இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உன் வயதில் எழவேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் உண்டு. டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவனுக்குப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. வந்த பெட்டியை ஓட்டவேண்டும். அடுத்த பெட்டி வரும்வரை எல்லா ஆட்டமும் அதே படம்தான்.

விநாடிக்கு 24 பிரேம். அன்றைய ஆயிரம் அடி ஃபிலிம் ரீல் என்றால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்றவேண்டும். அதனால் அலுத்துப்போன படமானாலும் ஆபரேட்டர் கண்ணைத் திருப்பிக்கொள்ள முடியாது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பார்க்கவே வந்தது.

கேபின் ஜன்னல் வழியே ஜனங்களும் தெரிவார்கள். முதல் தடவை வந்தவர் யார், மறுபடி வந்தவர் யார் என்று இருட்டிலும் சொல்லிவிடலாம். முதல் தடவை வந்தவர் சோகக் காட்சி வந்த பிறகு அழுவார். மறுபடி வந்தவரோ அதற்கு முந்தைய காட்சியில், திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கலங்கிப்போவார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தெரியும். இந்தக் கலக்கம் முதல் தடவை பார்ப்பவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கதை தெரிந்துவிட்டால் படம் தீர்ந்தது என்று நினைப்பது நம் ஊர் வழக்கமே இல்லை, கண்ணு. விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்த ஊர்களில் யாருக்குக் கதை தெரியாது? திரௌபதி சபைக்கு இழுத்து வரப்படுவாள் என்று தெரிந்தேதான் பாயை எடுத்துக்கொண்டு போனார்கள். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தை 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது கூட்டம் திரண்டதே, கர்ணன் பிழைத்துக்கொள்வான் என்றா வந்தார்கள்? முடிவு தெரிந்தவன்தான் வழியெல்லாம் நிதானமாகப் பார்ப்பான்.

'முள்ளும் மலரும்' பார்த்திருக்கிறாய். மகேந்திரன் இயக்கி 1978இல் வந்தது. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. படம் வந்த புதிதில் தரை டிக்கெட் முழுக்கக் காளியின் பக்கம்தான். விஞ்ச் ஆபரேட்டர் காளி எஞ்சினியரை முறைத்தால் விசில், கை போன பிறகும் நிமிர்ந்து நின்றால் விசில். இளவட்டமாக இருந்த நானும் அப்படித்தான் பார்த்தேன். கல்யாணமாகி உன் அம்மா பிறந்த பிறகு பார்த்தபோது என் கண் காளியின் தங்கை வள்ளியின் மேல் போயிற்று. அண்ணன் கத்துகிற இடங்களில் அவள் என்ன செய்கிறாள் என்று பார். வள்ளியாக நடித்த ஷோபாவுக்கு அப்போது 16 வயதுகூட நிறையவில்லை. அந்த முகத்தில் பயமும் பாசமும் சேர்ந்தே இருக்கும். இப்போது பார்க்கும்போது காளியின் மனைவி மங்காவும் கண்ணில் படுகிறாள். காளிக்கும் வள்ளிக்கும் நடுவில் வாழ வந்தவளின் சங்கடத்தை ஃபடாபட் ஜெயலட்சுமி எவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார்! எஞ்சினியரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே காளி அவருக்கே தங்கையைக் கொடுக்கும் அந்த முடிவு, அன்று எனக்கு வீராப்பாகத் தெரிந்தது. இன்று, தோற்பதற்குக் கற்றுக்கொள்ளும் ஒரு மனுஷனின் பாடாகத் தெரிகிறது. பிரேம் ஒன்றுகூட மாறவில்லை. நான் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

துப்பறியும் படம் மட்டும் ஒருமுறைக்குத்தான் என்பார்கள். எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) அதற்குப் பதில். பாட்டே இல்லாத ஏவி.எம். படம். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு இறக்கிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டபடி நாமும் அலைகிறோம். விடை தெரிந்தபின் மறுபடி போட்டுப் பார். இந்தத் தடவை மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயை மட்டும் கவனி. முதல் தடவை கணவனை இழந்தவளின் துக்கமாகத் தெரிந்த அதே முகத்தில், இப்போது குற்றத்தின் சுமையும் நாட்டுக்கும் தாலிக்கும் நடுவில் அகப்பட்டவளின் வேதனையும் தெரியும். துப்புத் துலக்கும் கதை முதல் தடவையோடு முடிந்துபோகும். உஷா என்கிற பெண்ணின் கதை இரண்டாம் தடவையில்தான் தொடங்குகிறது.

எல்லாப் படமும் இப்படி வளர்ந்துகொண்டே போகாது. நீ சின்ன வயதில் கொண்டாடிய படம் சில வருஷத்தில் வெறும் சத்தமாகக் கேட்கும். விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டிய படங்களுக்கு நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இன்று அவற்றைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. அப்படி நேரும்போது சேனலை மாற்றிவிட்டு ஓடாதே. எந்த ஷாட்டில், எந்தப் பின்னணி இசையில் அந்தத் தப்பு இனிப்பாக்கப்பட்டது என்று உட்கார்ந்து பார். நாளை நீ வெட்டி ஒட்டும் காட்சிக்கு அந்தப் பாடம் வேண்டும்.

மனசு சோர்ந்திருக்கும்போது பழக்கப்பட்ட நகைச்சுவைப் படத்தைப் போட்டுக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் அது ஓய்வு. மறுபடி பார்ப்பதைப் படிப்பாகச் செய்யவேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்றைப் பார்க்கவேண்டும். ஒருமுறை பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரின் முகத்தைப் பார். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார். இன்னொருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேள், இளையராஜா எங்கே இசையை நிறுத்துகிறார் என்று தெரியும். ஒருமுறை உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். அவள் பெருமூச்சு விடும் இடம் நீ கவனிக்காமல் விட்ட இடமாக இருக்கும்.

நீ எடுத்திருக்கும் தொழிலுக்கென்று ஒன்று சொல்கிறேன். எடிட்டிங் அறையில் மறுபடி பார்ப்பதுதான் வேலையே. ஒரே ஷாட்டை நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்பாய். பார்க்கப் பார்க்க எது சிரிப்பு, எது அழுகை என்றே மரத்துப்போகும். உனக்கு அலுத்துவிட்டது என்பதற்காக நல்ல இடத்தை வெட்டத் தோன்றும். ஆனால் காசு கொடுத்து உட்காரப்போகிறவர் அதை முதல் தடவை பார்க்கப்போகிறார். அதனால் எந்தக் காட்சியையும் முதல்முறை பார்த்ததும், யாரோடும் பேசுவதற்கு முன்பு, எந்த இடத்தில் சிரித்தாய், எந்த இடத்தில் புரியாமல் விழித்தாய் என்று ஒரு தாளில் எழுதி வை. பத்தாவது தடவை கத்தரியைத் தூக்கும்போது அந்தத் தாளைப் படி. முதல் தடவை பார்த்த பெண்ணைக் கடைசிவரை உன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறவள்தான் நல்ல எடிட்டர்.

இந்த மாதம் புதுப் படங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) எடுத்துக்கொள். பி. லெனின் தொகுத்த படம். முதலில் சும்மா பார். ஒரு வாரம் கழித்து அதில் வரும் இரண்டு குழந்தைகளின் பக்கம் நின்று பார். இரண்டு தடவையும் தோன்றியதைத் தனித்தனியாக எழுதி எனக்கு அனுப்பு. நானும் இங்கே பார்த்து எழுதிவைக்கிறேன். நீ வரும்போது இரண்டையும் வைத்துப் பேசுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தாத்தா