பைலின் பழைய பிரதிகள்: எத்தனை மாதம் வைத்திருப்பது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் டீசல், ஐஸ் கணக்கை எக்ஸெல் பைலில் எழுதி வருகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். மார்ச் 10 அன்று கை தவறிச் சில வரிகளை அழித்து, அப்படியே சேவ் செய்துவிட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 15 அன்று பழைய பாக்கியைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மார்ச் 9-ல் இருந்த பைல் கிடைக்குமா?

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் பைல் ஹிஸ்டரி என்ற வசதி உண்டு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவை இணைத்து இதை இயக்கினால், மாற்றம் செய்த பைல்களை மணிக்கு ஒரு முறை பிரதி எடுத்து வைக்கும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் போன்றவை மட்டுமே இதில் சேரும். டி டிரைவில் தனி போல்டர் வைத்திருந்தால் அதை லைப்ரரியில் சேர்த்திடுங்கள்.

மாறியது ஒரு வரிதான் என்றாலும் முழு பைலும் பிரதியாகும். 20 எம்.பி. பைலை நாள் முழுக்கத் திருத்தினால் 8 பிரதிகள், 160 எம்.பி. 25 வேலை நாட்களில் 4 ஜி.பி. ஆகிவிடும். 32 ஜி.பி. பென் டிரைவ் எட்டு மாதம்தான் தாங்கும். (புரோகிராம் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்டிலும் இதே இடப் பிரச்னை உண்டு. அங்கே டெப்த் 1 என்று கொடுத்தால், பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் இறங்கும்.)

கண்ட்ரோல் பேனலில் பைல் ஹிஸ்டரி சென்று, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் கிளிக் செய்திடுங்கள். கீப் சேவ்டு வெர்ஷன்ஸ் என்ற இடத்தில் ஃபாரெவர் என்று இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க உடனே ஒரு மாதம் என்று மாற்றிவிடாதீர்கள். நம் கணக்கில் தவறு நடந்ததற்கும் தெரிந்ததற்கும் இடையே 97 நாட்கள். மூன்று மாதமும் போதாது. ஆறு மாதம் வையுங்கள். அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட் என்பதும் எனக்கு உவப்பில்லை. இடம் குறைந்ததும் பழைய பிரதிகள் நம்மைக் கேட்காமலே போய்விடும்.

அங்கேயே உள்ள கிளீன் அப் வெர்ஷன்ஸ் மூலம் பழையவற்றை நீக்கலாம். எந்தக் காலவரம்பு கொடுத்தாலும் ஒவ்வொரு பைலின் கடைசிப் பிரதி தங்கும். ஆனால் நமக்குத் தேவை அதுவல்லவே!

பழைய பிரதியை எடுக்க, பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், பிரீவியஸ் வெர்ஷன்ஸ் செல்லுங்கள். ரிஸ்டோர் அழுத்தினால் இப்போதைய பைல் மேல் எழுதப்பட்டு, மார்ச் 10-க்குப் பின் எழுதியவை போய்விடும். ரிஸ்டோர் டு தேர்ந்தெடுத்து வேறு போல்டரில் இறக்கி, விட்டுப்போன வரிகளை மட்டும் காப்பி செய்திடுங்கள்.