கோப்பதற்கு முன் பிரிக்கப் பழகுங்கள்

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கக் கற்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே தங்கள் பெயரைக் கோத்து, டிரெடில் அச்சு இயந்திரத்தில் ஏற்றி, மை காயாத தாளைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் பலரும் ஒரே எழுத்துப் பெட்டிகளைப் புழங்கும் பட்டறையில் முதலில் பழக வேண்டிய வேலை வேறு என்பதே எனக்கு அனுபவத்தில் தேறிய முடிவு. அச்சிட்டு முடித்த ஃபாரத்தைக் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திருப்பிப் போடும் வேலையைச் சொல்கிறேன். கோப்பதில் செய்த பிழை அவரவர் புரூப்பிலேயே பல்லைக் காட்டிவிடும், அவரே திருத்திக்கொள்வார். பிரிப்பதில் செய்த பிழையோ பெட்டிக்குள் பதுங்கிக் கிடந்து, இன்னொருவர் பக்கத்தில்தான் முளைக்கும். தனி ஆள் நடத்தும் அச்சகத்தில் வினை விதைத்தவரே அறுப்பார். பொதுப் பட்டறையில் விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர். அதனால்தான் அங்கே கோப்பவரின் வேகத்தைவிடப் பிரிப்பவரின் கவனம் முக்கியமாகிறது.

தமிழ் எழுத்தில் இந்தக் கவனம் இரண்டு மடங்கு தேவை. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52 அறை, குறியீடுகளுக்கு இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். தமிழில் 247 எழுத்துக்கும் தனித்தனி அச்சு தேவையில்லை. காலும் கொம்பும் தனித் துண்டுகளாக இருப்பதால் கணக்கு குறைகிறது. இருந்தும் உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகரம் ஏறியவை 18, இ, ஈ, உ, ஊ வரிசைகளில் 72, அத்துடன் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என்று நான்கு. ஆக 125 வடிவங்கள். கிரந்த எழுத்து, எண், இடைவெளித் துண்டு எல்லாம் இதற்கு மேல். இவற்றில் எ-ஏ, ஒ-ஓ, ன-ண, கி-கீ போன்ற இணைகளைக் கண்ணாடிப் பிம்பமாகப் பார்க்கும்போது தேர்ந்த கண்ணும் தடுமாறும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது புள்ளி. அது நுனியில் துருத்தி நிற்பதால் எளிதில் மழுங்கும். மழுங்கிய ‘க்’ கோக்கும்போது ‘க்’ ஆகத் தோன்றும், அச்சில் ‘க’ ஆகிவிடும். அது திரும்பப் பெட்டிக்குப் போகாமல் தடுக்கக்கூடிய இடம் பிரிக்கும் நேரம் ஒன்றுதான். விரல் நுனியால் தடவிப் பார்த்து, புள்ளி போனதைத் தனி டப்பாவில் போடுங்கள்.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்ததற்கு இந்தப் பெட்டியின் நெருக்கடியும் ஒரு காரணம். தமிழக அரசு அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. ணா, றா, னா தொடங்கி ணை, லை, ளை, னை வரை 13 எழுத்துகள் அப்போது உருமாறின. பழைய அச்சகத்திலிருந்து எழுத்து வாங்கும் குழுக்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தும்பிக்கை வைத்த ‘லை’யும் சுழித்த ‘னா’வும் உங்கள் பெட்டியில் நிச்சயம் கிடக்கும். அவற்றை உருக்கவும் வேண்டாம், புதிய வடிவத்தோடு கலக்கவும் வேண்டாம். தனிப் பெட்டியில் வையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ‘லை’ எட்டிப் பார்த்தால் அதற்குப் பிரித்தவர்தான் பொறுப்பு.

பிரிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஃபாரத்தை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவிட்டு, பிரிக்கப்போகும் வரிகளை மட்டும் லேசாக நனையுங்கள். ஈரம் எழுத்துகளை ஒட்டி நிறுத்தும். எழுத்தின் உடம்பில் உள்ள சிறு பள்ளம் மேற்பக்கம் வரும்படி இரண்டு மூன்று வரிகளை இடக்கையில் ஏந்துங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எழுத்து தலைகீழாக நிற்கும், ஆனாலும் இடமிருந்து வலமாகவே படிக்கலாம். வலக்கையால் ஒரு சொல்லை எடுத்து, வாய்க்குள் உச்சரித்தபடி ஒவ்வோர் எழுத்தாக அதன் அறைக்கு மேல் நழுவவிடுங்கள். எறிந்தால் முகம் நசுங்கும். நாலைந்து பக்கம் இப்படிப் பிரித்தவருக்கு எந்த அறை எங்கே என்று வரைபடம் பார்க்காமலே கை போகும். கோப்பதற்கான பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பழைய அச்சகங்களில் பிரிக்கும் வேலை பொடியன்கள் தலையில் கட்டப்பட்டது. கூட்டிப் பெருக்குவதற்கு அடுத்த படி அது. அதைக் கல்வி என்று கொண்டாடுவது உழைப்புச் சுரண்டலுக்கு மெருகு பூசுவதாகாதா? அச்சுக் கோப்பவராக வாழ்க்கையைத் தொடங்கி எழுத்தாளரான விந்தன் போன்றவர்கள் பார்த்த உலகத்தை நினைத்தால், இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே இழிவு வேலையில் இல்லை, அதை ஒரே ஆள் தலையில் நிரந்தரமாகச் சுமத்தியதில் இருந்தது. மாணவர் பட்டறையில் மூத்தவர், இளையவர் பேதமின்றி, அச்சிட்டவரே பிரிக்க வேண்டும் என்று விதி வைத்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விதி நடக்கிறதா என்று பார்க்க மாணவரில் ஒருவரையே சட்டாம்பிள்ளையாக வைக்கலாம். அந்த முறை சென்னைக்குப் புதிதும் அல்ல. எழும்பூர் ஆண் பிள்ளைகள் அனாதை விடுதியில் 1789 முதல் 1796 வரை பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் அதை நூலாக்கியதும் ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. அந்த விடுதிக்குச் சொந்த அச்சகமும் இருந்தது. பெட்டிக்கு ஒரு சட்டாம்பிள்ளை, மாதந்தோறும் ஆள் மாற்றம் என்பது என் பரிந்துரை.

புதியவர்கள் அலுத்துப்போய் ஓடிவிடுவார்களே என்பது அடுத்த கவலை. நியாயமானதுதான். மூத்தவர் கோத்து வைத்த நாலு வரியைப் புதியவர் முதல் நாளே அச்சிடட்டும், தாளை வீட்டுக்கும் கொண்டுபோகட்டும். அந்த நாலு வரியை அவரே பிரித்துவிட்டுப் போகட்டும். ஈயம் நஞ்சாயிற்றே என்று பெற்றோர் கேட்பார்கள். சாதாரண வெப்பத்தில் ஈய எழுத்திலிருந்து புகை வராது, ஆபத்து தூசியிலும் கழுவாத கையிலும் இருக்கிறது. பெட்டியை வாயால் ஊதாதீர்கள், பட்டறைக்குள் டீ வேண்டாம், வெண்பொடி பூத்த எழுத்தைத் தொடாதீர்கள், எழுத்தை உருக்கும் யோசனையே கூடாது.

கணினியில் வடிவமைத்து பாலிமர் தகட்டில் எடுத்தால் இத்தனை பாடும் மிச்சம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு அதுவே சரி. ஆனால் தகடு அவரவர் சொத்து. பொதுவாக மிஞ்சுவது ஓர் இயந்திரமும் முன்பதிவு அட்டவணையும் மட்டுமே. அதற்குக் குழு எதற்கு? சென்னை வண்ணாரப்பேட்டையில் இப்படியொரு பட்டறை அமைந்தால், எம்.சி. ரோடு துணிக்கடைக்கு ஒரு பில் புக், தெரு நூலகத்துக்கு ஓர் அட்டை என்று சிறிய வேலையில் தொடங்குவது நல்லது. தங்கசாலையில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் இயங்கும் அரசு அச்சகம் நடை தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே கோத்துப் பழகி ஓய்வுபெற்றவர் யாராவது அக்கம்பக்கத்துத் தெருக்களில் கிடைத்தால் வாரம் ஒரு மாலை வந்து உட்காரச் சொல்லுங்கள், உரிய சம்பளமும் கொடுங்கள். எந்த வேலையை எடுப்பதற்கும் முன் ‘க்’, ‘த்’, ‘ம்’, ‘து’ அறைகளில் கை விட்டுப் பாருங்கள். தமிழ் வாசகத்தில் விரைவில் தீர்ந்துபோகக்கூடியவற்றில் அவையும் உண்டு.