கணினி திடீர் திடீரென நின்றால்: செலவு செய்யும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்



"பழைய கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, புதிது வாங்க உதவுங்கள்" என்ற கோரிக்கை நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் இப்போது அடிக்கடி வருகிறது. மதகடிப்பட்டில் தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு சகோதரியும் அப்படி ஒரு மனு கொடுத்திருந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்து, தானே மறுபடி ஓடத் தொடங்கும். எழுதியதெல்லாம் போய்விடும். பழுது பார்த்தவர், "மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் உடனே பணம் ஒதுக்கவில்லை. அந்தத் தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கணினி நிற்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயங்களைக் குறிக்கச் சொன்னோம்: எத்தனை மணி, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, எப்படி நின்றது.

ஒரு வாரத்தில் ஒன்பது தடவை நின்றிருந்தது. அதில் ஏழு தடவை காலை ஆறு மணியை ஒட்டி, அல்லது மாலை ஐந்தரையை ஒட்டி. "அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டோம். "மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவோம் பாய்" என்றார் அந்தச் சகோதரி. மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்திருக்கிறது. அதைத் தாங்க வேண்டிய யூ.பி.எஸ். பேட்டரியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. மற்ற இரண்டு தடவையும் நீண்ட நேரம் வீடியோ பாடம் பார்த்த பிறகு நின்றவை. உள்ளே விசிறியில் தூசி அடைத்திருந்தது. பேட்டரியை மாற்றி, தூசியைத் துடைத்தோம். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

நம்மூர் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. கணினிக்கும் அதே நிதானம் வேண்டும். அதற்கான முறையைக் கீழே தருகிறோம்.

1. முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். பிள்ளைகளின் பாடக் குறிப்பு, சான்றிதழ் நகல், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் வேறு எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். நகல் எடுப்பதே முதல் வேலை.

2. எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எந்த அறிவிப்பும் இல்லாமல் சட்டென்று அணைந்தால், பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு காரணம். நீலத்திரை வந்தால் அதில் உள்ள பிழைப் பெயரைக் கைப்பேசியில் படம் எடுங்கள்; டிரைவர் மென்பொருளோ ரேமோ காரணமாக இருக்கலாம். திரை அப்படியே உறைந்தால் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சில நிமிடம் பொறுங்கள். விளக்கு மாறாவிட்டால், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை.

3. சூட்டைச் சோதியுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மின்இணைப்பை எடுத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடாது. மடிக்கணினியை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். காற்றுத் துளைகள் அடைபடும்.

4. ரேமைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே "மெமரி டயக்னாஸ்டிக்" என்ற சோதனை இருக்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி, ஒன்றை வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றிப் போடுங்கள். சில நேரம் கழற்றிச் சரியாக அழுத்தி மாட்டினாலே குறை தீர்ந்துவிடும்.

5. அண்மையில் என்ன மாறியது என்று யோசியுங்கள். விண்டோஸில் "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்ற பக்கம் எந்த நாளில் எது பழுதானது என்று தேதிவாரியாகக் காட்டும். புதிய மென்பொருள் ஏற்றிய நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருந்தால் அதை நீக்கிப் பாருங்கள்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது குறை என்று கடைசிவரை தெரியாது.

7. பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பை எடுத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

பெரிய இடங்களிலும் இதே பாடம்தான். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இயந்திரங்களில் எதுவும் கெட்டுப்போகவில்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்தப் பிழையான கோப்பை நீக்கியதும் மறுபடி ஓடின.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். யாரோ சொல்லும் செயலியை ஏற்றி உங்கள் கணினியை அவர் கையில் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கணினி கேட்டு மனு கொடுப்பவர்கள் இனி ஒரு வாரக் குறிப்பையும் இணைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே உழைத்து ஓய்ந்த கணினிக்கு மாற்றுத் தர நாங்கள் தயங்க மாட்டோம். ஆனால் நன்கொடைப் பணம் நம்மிடம் உள்ள அமானிதம். அந்தச் சகோதரிக்காக ஒதுக்க இருந்த தொகை இப்போது இரண்டு மாணவிகளின் தேர்வுக் கட்டணமாகியிருக்கிறது. நோட்டு எழுதிய தம்பியும் தன் ப்ராஜெக்டை நேரத்தோடு கொடுத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். குறிப்பு எழுதியும் காரணம் பிடிபடாதவர்கள் நோட்டோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்